முப்பது சிப்பி

முதலில் உதடு.
பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி.
ஆனால் இது என் சமையலறை, என் கரண்டி.
"மிளகாய் கூடிப்போச்சு" என்றேன்.
கோகிலம் பதில் சொல்லவில்லை.
கெய்சரை அணைக்க நான் மறந்ததற்காக
மத்தியானமே பேச்சை நிறுத்தியிருந்தாள்.
அவள் தட்டையும் நானே வழித்துத் தின்றேன்.
கோபம் வீணாய்ப் போகட்டும்,
கறி ஏன் போக வேண்டும்?

முந்தின ராத்திரி பேட்டர்நாஸ்டர் கடல்
அலை மடிகிற இடமெல்லாம் நீலமாய்ப் பற்றிக்கொண்டது.
ஈர மணலில் கால் வைத்தால்
பாதத்தைச் சுற்றிப் பொறி.
படமெடுத்து டர்பனுக்கு அனுப்பினேன்.
"உங்க பக்கம் தீபாவளி முந்திக்கிச்சா?"
என்றான் மச்சான் பூபாலன்.
விடிந்ததும் அதே தண்ணீர்
துரு கரைத்த வாளி போலக் கிடந்தது.
சல்தான்யா துறையில் இரும்புத்தாது ஏற்றுகிறவன் நான்,
இருமினால் கைக்குட்டை சிவக்கும்.
சிவந்த தண்ணீருக்கா பயப்படுவேன்?

அனுமதிச் சீட்டு சட்டைப்பையில்.
ஆளுக்கு முப்பது. ஒன்றும் கூடவில்லை.
எச்சரிக்கைப் பலகை வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் இருந்ததாம்,
அதன்மேல் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.
பாறையில் ஒரு பையன்
வேரோடு திருகக் கற்றுக்கொடுத்து, கத்தியும் தந்தான்.
பெயர் கேட்டேன். எல்ராய்.
அவனிடம் சீட்டு இல்லை, வாளி மட்டும்.
நான் கத்தியைத் திருப்புவதற்குள்
அலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

சிப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.
அது வாய் திறந்து கடலைச் சலித்தது,
வந்ததை வைத்துக்கொண்டது.
பூண்டு, புளி, தளதளவென்று இருபது நிமிடக் கொதி,
எதுவும் நஞ்சைத் தொடவில்லை.
வாசனை மட்டும் நன்றாக இருந்தது.
உண்மையைச் சொல்வதென்றால்
அப்படி ஒரு கறி
அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

உதட்டுக்கு அடுத்து நாக்கு, அடுத்து விரல்.
சட்டைப் பித்தான் கைக்குச் சிக்கவில்லை.
தரைக்கும் பாதத்துக்கும் நடுவில்
யாரோ பஞ்சு திணித்தார்கள்.
வ்ரெடன்பர்க் போகும் வழியெல்லாம்
கோகிலம் ஒரு கையால் வண்டி ஓட்டினாள்,
மறு கையால் என் நெஞ்சைத் தட்டினாள்.
சண்டைக்குப் பின் அவளுடைய முதல் சொல்:
"விடு. மூச்சு விடு."

இதை யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை:
நான் விழித்திருந்தேன்.
வீட்டுக்குள் ஆள் இருக்கிறேன்,
கதவுப்பிடிகளையெல்லாம்
கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
மாற்று மருந்து கிடையாது, என்றது ஓர் இளம் குரல்.
இயந்திரம் மூச்சு விடட்டும்,
உடம்பு தானாகக் கழுவிக்கொள்ளும்.
சிஸ்டர் அரென்ட்ஸே மட்டும்
"இப்போ இமையை ஒட்டப் போறேன், மன்னிச்சுக்குங்க" என்று
என்னிடமே சொன்னார்.

இருட்டில் திரைக்கு அப்பால் ஒரு தள்ளுவண்டி.
ஒரு பெண் "எல்ராய்" என்றாள்.
மறுபடி "எல்ராய்".
மூன்றாம் தடவை
பெயர் பாதியில் நின்றது.
அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை.
அதற்குள் நேரம் முடிந்திருந்தது.

என் இயந்திரம் ஓடியது.
அதன் ஒவ்வொரு பெருமூச்சுக்கும்
கோகிலம் எண்ணத் தொடங்கினாள், தமிழில்.
சனிக்கிழமை வகுப்பில் அவளுக்கு மிஞ்சிய தமிழ்
இருபது வரைதான்.
பத்தொன்பது, இருபது,
கொஞ்சம் தயங்கி, மறுபடி ஒன்று.
எனக்கு அடுத்தது தெரியும்.
விடிய விடிய அதை
நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் காத்திருந்தேன்.
அவள் இருபதுக்கு வரும்போதெல்லாம்
உள்ளே யாரோ எழுந்து நிற்பார்கள்.

மறுநாள் மாலை சுண்டுவிரல் அசைந்தது.
அதற்கும் அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள்.
முதலில் நான் கேட்டது தண்ணீர்.
இருபத்தொன்றை இன்னும் சொல்லவில்லை,
சொன்னால்
எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று
அவளுக்குத் தெரிந்துவிடும்.

கத்தி இழுப்பறையில் இருக்கிறது.
பிடியில் நீல நூல் சுற்றியிருக்கும்.
இரண்டு தரம் பேட்டர்நாஸ்டர் வரை போய்
சுண்ணாம்பு அடித்த வீடுகளில் எது என்று கேட்காமல் திரும்பினேன்.
இன்று காலை கோகிலம் அதை எடுத்து
எலுமிச்சை நறுக்கினாள்.
"நல்ல கூர். எங்கே வாங்கினே?" என்றாள்.
கெய்சரை அணைத்தேனா என்று
பார்க்கப் போனேன்.